எது பொய்: கதையா, நாம் திருத்திய கதையா?

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...





குரும்பலூரில் மஃரிபுக்குப் பின் நடைபெறும் வகுப்பில் என்னிடம் ஓதிய மாணவி ஒருவர், ஒருநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்றை என் மேசைமீது வைத்துவிட்டுப் போனார். பகலில் எங்களூர்க் கலைக் கல்லூரியில் தமிழ் பயில்பவர். நோட்டினுள் ஒரு சிறுகதை இருந்தது.

அக்காவின் நிக்காஹுக்கு முந்தைய இரவு. பதினாறு ஆண்டுகள் சவூதியில் உழைத்துத் திரும்பிய அத்தா சொல்லச் சொல்ல, தங்கை கணக்கு எழுதுகிறாள். நாற்பது பவுன். ஒரு மோட்டார் சைக்கிள். மாப்பிள்ளை கையில் ரொக்கம். அதற்காக விற்ற மக்காச்சோளக் காடு ஒன்றரை ஏக்கர். மறுநாள் பள்ளிவாசல் தஃப்தரில் மஹர் பத்தாயிரம் ரூபாய் என்று ஒரே ஒரு வரி எழுதப்படுகிறது. எளிய நிக்காஹே பரக்கத் மிக்கது என்று மேடையில் உருக்கமாகப் பேசிய ஹஜ்ரத், பந்தியில் முதல் வரிசையில் அமர்ந்து உண்கிறார். தங்கை வீட்டுக்கு வந்து, முந்தைய இரவு தான் எழுதிய கணக்குத் தாளை எடுத்து மடித்துக் குர்ஆன் வைக்கும் அலமாரியின் அடித்தட்டில் வைக்கிறாள். கதை அவ்வளவுதான்.

அந்த ஹஜ்ரத் யார் என்பது எனக்கு இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. தோளில் துண்டைச் சரிசெய்துகொள்ளும் விதமும், பேச்சின் நடுவே கனைத்துக்கொள்ளும் வழக்கமும் என்னுடையவை.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'ஹஜ்ரத் பாத்திரத்தை நீக்கவும். மாப்பிள்ளை வீட்டார் மனம் திருந்தி நகைகளைத் திருப்பித் தருவதாக முடிக்கவும். தஃப்தர் பற்றிய வரிகள் தேவையில்லை' என்று ஓரத்தில் எழுதினேன். அந்தப் பிள்ளை அடக்கத்தோடு அவ்வாறே மாற்றினார். மதரஸா ஆண்டு விழாவில் கதை வாசிக்கப்பட்டது. ஜமாஅத் பெரியவர்கள் பாராட்டினார்கள். ஒரு ஹாட்பாக்ஸ் பரிசும் கிடைத்தது. விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. ஆனா இப்பத்தான் அது பொய்யாயிருச்சு."

அதன்பின் அவர் எந்தக் கதையையும் என்னிடம் கொண்டுவரவில்லை.

இக்கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திற்கு நான் அளிக்கும் விடை. தவ்பா என்று சொன்னாலும் பொருந்தும். கதை எழுதும் எவருக்கும் உள்ள கவலைகள் நாம் அறிந்தவையே: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, பாத்திரம் உயிரோடு பேசுகிறதா, எவரேனும் படிப்பார்களா. நம் சமுதாயப் பிள்ளைகளுக்கு இவை போதாவென்று மேலும் சில கவலைகளை நாம் சுமத்தியிருக்கிறோம். கதையே பொய், நம் குறையை வெளியே சொல்லாதே, இது புறம் பேசுவதாகும், முடிவில் அனைவரும் திருந்தட்டும். இவற்றை மார்க்கத்தின் பெயரால் சொல்கிறோம். மார்க்கம் அவ்வாறு சொல்கிறதா என்று பார்ப்போம்.

கதை என்றாலே பொய்யா?

மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடுதான் என்னும் கருத்துடைய நபிமொழியை எடுத்துக்காட்டுவோர் உண்டு. மக்காவில் நழ்ர் இப்னு ஹாரிஸ் என்பவன் பாரசீக மன்னர்களின் கதைகளைக் கற்றுவந்து, நபி (ஸல்) அவர்கள் எழுந்து சென்ற இடத்தில் அமர்ந்து அவற்றைச் சொல்லி மக்களைத் திசைதிருப்பியதையும், லுக்மான் அத்தியாயத்தில் வரும் வீண்பேச்சு பற்றிய கண்டனத்தை விரிவுரையாளர் சிலர் அவனோடு தொடர்புபடுத்தியதையும் சொல்வோர் உண்டு. இரண்டையும் நான் மறுக்கவில்லை. நழ்ரின் குற்றம் என்ன என்று மட்டும் கேட்கிறேன். இறைவழியிலிருந்து மக்களை இழுத்துச் செல்வதற்காகவே அவன் கதை சொன்னான். கண்டனம் அந்த நோக்கத்தின் மீது விழுந்தது.

பொய் என்பது கேட்பவனை ஏமாற்றுவது. சந்தையில் அழுகிய வெங்காயத்தை மூட்டையின் அடியில் வைத்துக் கட்டுபவன் பொய்யன். வாங்குபவனுக்கு அது தெரியாது. கதையை எடுப்பவரோ இது கதை என்று தெரிந்தே எடுக்கிறார். இருவருக்கும் இடையே ஒளிவு மறைவு ஏதுமில்லை.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அரபு மதரஸாக்களில் ஓதிய ஆலிம் பெருமக்களே, சற்று நினைவுகூருங்கள். நமக்கு அரபு இலக்கியம் எந்தக் கிதாபில் கற்பிக்கப்பட்டது? மகாமாத்துல் ஹரீரீ. ஹிஜ்ரி 516இல் மறைந்த பஸ்ராவின் அறிஞர் ஹரீரீ (ரஹ்) இயற்றிய ஐம்பது மகாமாக்கள். அதன் நாயகன் அபூ ஸைத் அஸ்ஸரூஜி யார்? நாவன்மையால் ஊர் ஊராக ஏமாற்றிப் பிழைக்கும் கற்பனை மனிதன். அதைச் சொல்பவராக வரும் ஹாரிஸ் இப்னு ஹம்மாமும் கற்பனைப் பாத்திரமே. முதல் மகாமாவில் என்ன நடக்கிறது? ஸன்ஆ நகரில் ஒருவர் மறுமையை நினைவூட்டி உருக்கமாகப் பயான் செய்கிறார். மக்கள் அழுது பொருள் தருகிறார்கள். ஹாரிஸ் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், அந்த உபதேசியார் ஒரு குகையில் வெள்ளை ரொட்டியும் பொரித்த ஆட்டுக்குட்டியும் மதுச்சாடியுமாக அமர்ந்திருக்கிறார்.

இதை நாம் மனப்பாடம் செய்தோம். சொற்பொருள் எழுதினோம். தேர்வெழுதி மதிப்பெண் பெற்றோம். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாக உலமாக்கள் இதற்கு விரிவுரை எழுதியிருக்கிறார்கள். ஹரீரீ தம் முன்னுரையிலேயே நமக்கு விடையும் சொல்லிவிட்டார்: விலங்குகளும் உயிரற்ற பொருள்களும் பேசுவதாகச் சொல்லப்படும் கதைகளை அறிஞர் எவரும் வெறுத்து ஒதுக்கியதில்லை; செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை; பயனுக்காகச் சொல்லப்பட்ட கதையில் குற்றம் என்ன என்பது அவர் வாதத்தின் சாரம்.

பயான் செய்துவிட்டுக் குகையில் விருந்துண்ணும் அரபு உபதேசியாரைப் பாடமாகப் படித்துப் பட்டயம் பெற்ற நான், பயான் செய்துவிட்டுப் பந்தியில் விருந்துண்ணும் ஒரு தமிழ் ஹஜ்ரத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன். அரபியில் வந்தால் அதபு, தமிழில் வந்தால் அபத்தமா? அபூ ஸைதின் துண்டு என் தோளில் கிடக்கவில்லை என்பதைத் தவிர வேறு வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

தமிழில் நம் முன்னோரும் கதைக்கு அஞ்சியவர்கள் அல்லர். கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் என்று தமிழுக்குப் புதிய இலக்கிய வகைகளையே தந்தவர்கள். நூறு கேள்விகளுக்கு விடை சொல்பவனையே மணப்பேன் என்று ஓர் இளவரசி நிபந்தனை விதிக்கும் நூறு மசலாவை நம் பாட்டிமார் இரவில் கூடியமர்ந்து ஓதக் கேட்டார்கள். தமிழ் நாவல் தவழத் தொடங்கிய காலத்திலேயே, 1885இல், கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெவ்வை 'அசன்பே சரித்திரம்' எழுதினார். அவர் 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்தியவர்; முஸ்லிம்களின் கல்விக்காக வாழ்நாளைச் செலவிட்டவர். சமுதாயத் தொண்டும் நாவலும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர் நினைக்கவில்லை.

நம் வீட்டு அழுக்கை வெளியே காட்டலாமா?

இதுவே வலுவான ஆட்சேபம். இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. திரைப்படத்தில் நாம் வெடிகுண்டு வைப்பவராக வருகிறோம். தவறினால் நாயகனுக்காக உயிரை விடும் நண்பராக வருகிறோம். வாடகைக்கு வீடு கேட்டால் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறது. இந்நிலையில் நம் வீட்டுப் பிள்ளையே நம் குறையை எழுதினால், நம்மை வெறுப்பவர் கையில் கத்தியைக் கொடுத்ததாகாதா? பர்தாவையும் தலாக்கையும் தவிர வேறொன்றையும் நம்மிடம் காண விரும்பாத வாசகர்கள் இருப்பதும் உண்மை. அவர்களுக்காகவே சமைத்துப் பரிமாறும் எழுத்து உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் சகோதரர்களே, இந்த அச்சத்திற்கு நாம் கண்ட மருந்து என்ன? குறையற்ற முஸ்லிம்கள் மட்டுமே உலவும் கதைகள். அக்கதைகளை நம்மை வெறுப்பவர் படிப்பதில்லை. நம் பிள்ளைகளும் படிப்பதில்லை. திரைப்படம் நம்மை மனிதரல்லாத கொடியவராக்குகிறது. நாம் நம்மை மனிதரல்லாத புனிதராக்குகிறோம். மனிதர்களாக நம்மைக் காட்ட எவரும் இல்லை.

வரலாறுகளில் மிக அழகியது என்று அல்லாஹ் எதைக் குறிப்பிட்டான்? யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை. அது யாருடைய வீட்டில் தொடங்குகிறது? ஒரு நபியின் வீட்டில். அங்கே நடப்பது என்ன? பொறாமை கொண்ட அண்ணன்மார் தம்பியைக் கிணற்றில் போடுகிறார்கள். சட்டையில் பொய் இரத்தம் பூசித் தந்தையை ஏமாற்றுகிறார்கள். பின்னர் ஒரு மாளிகையில் கதவுகள் சாத்தப்படுகின்றன. ஒரு பெண் இச்சையோடு அழைக்கிறாள். நகரத்துப் பெண்கள் புரணி பேசுகிறார்கள். நபியின் குடும்பத்துக் குறையை உலகம் உள்ளளவும் ஓதப்படும் வேதத்தில் வைத்தவன் நம் இறைவன். குடும்ப மானம் என்று அவன் மறைக்கவில்லை. கவாரிஜ்களில் ஒரு கிளையினர், இது காதல் கதை, குர்ஆனில் இருக்கத் தகாது என்று யூசுஃப் அத்தியாயத்தையே மறுத்ததாக ஷஹ்ரஸ்தானி போன்றோர் பதிவு செய்திருக்கிறார்கள். தூய்மையின் பெயரால் கதைக்கு அஞ்சுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா?

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். வைக்கம் முகம்மது பஷீர் 1951இல் 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' என்னும் நாவலை எழுதினார். பழம்பெருமை பேசியே தேய்ந்துபோகும் முஸ்லிம் குடும்பத்தையும் அதன் மூடப் பழக்கங்களையும் நகைத்து எழுதிய கதை அது. அதைப் பாடநூலாக்கியபோது எதிர்ப்பும் எழுந்தது. இன்று பஷீர் மலையாளிகள் அனைவருக்கும் சொந்தக்காரர். கேரள முஸ்லிம்களின் வீட்டை மற்றவர்கள் பஷீரின் வாசல் வழியாகவே நுழைந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு வெறுக்கவில்லை, நேசித்தார்கள். குறையைச் சொன்ன அவரே அம்மக்களின் அன்பையும் சொன்னார் என்பதால் அது நடந்தது.

தமிழில் தோப்பில் முஹம்மது மீரான் (ரஹ்) அதைச் செய்தார். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர், மலையாள வழியில் படித்தவர், திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்தவர். அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நூலாக வெளிவந்தது 1988இல். ஊரை ஆட்டிப்படைக்கும் முதலாளியின் அதிகாரத்தையும், பள்ளிக்கூடம் வரக் கூடாது என்று மார்க்கத்தின் பெயரால் தடுத்தவர்களையும் அதில் எழுதினார். அது முதலில் தொடராக வந்தது எங்கே தெரியுமா? 'முஸ்லிம் முரசு' இதழில். நம்மைப் பற்றிய கடுமையான கதைக்கு நம் இதழே இடம் தந்தது. 1997இல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது நாமும் பெருமை கொண்டோம். விருது வந்தபின் பாராட்டுவது எளிது. நோட்டுப் புத்தகத்தில் இருக்கும்போது பொறுத்துக்கொள்வதே கடினம்.

இது புறம் பேசுவது ஆகாதா?

என் மாணவி போன்ற பிள்ளைகளை உண்மையில் உறுத்துவது இந்தக் கேள்வி. 'நம் தெருவில் நடந்ததை எழுதினால் கீபத் ஆகிவிடுமோ' என்று அஞ்சுகிறார்கள். ஓர் எழுத்தாளரின் தொழில் சிக்கலும் மார்க்கச் சிக்கலும் ஒன்றாகச் சேரும் இடம் இது. மதிக்கத்தக்க அச்சம்.

புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உம்மு ஸர்உ ஹதீஸ் என்று ஒன்று உண்டு. பதினொரு பெண்கள் ஒன்றுகூடி, தத்தம் கணவரைப் பற்றி எதையும் மறைக்காமல் சொல்வது என்று உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். ஒருத்தி தன் கணவனை ஏறுவதற்கரிய மலையுச்சியில் கிடக்கும் மெலிந்த ஒட்டக இறைச்சிக்கு ஒப்பிடுகிறாள். இன்னொருத்தி, வாய் திறந்தால் தலாக், மௌனமாக இருந்தால் அந்தரத்தில் தொங்கும் நிலை என்று தன் வாழ்வைச் சொல்கிறாள். இந்த நீண்ட கதையைச் சொன்னவர் அன்னை ஆயிஷா (ரலி). கேட்டவர் அல்லாஹ்வின் தூதர் (ஸல்). முழுவதையும் கேட்டபின், உம்மு ஸர்உக்கு அபூ ஸர்உ இருந்ததுபோல் உமக்கு நான் இருக்கிறேன் என்னும் பொருளில் அன்போடு மறுமொழி கூறினார்கள்.

கணவரின் குறை கூறும் இக்கதை கீபத் ஆகாதா என்னும் வினாவை ஹதீஸ் விரிவுரையாளர்களே எழுப்பி விடையும் தந்திருக்கிறார்கள்: கேட்பவருக்கு ஆள் யாரென்று தெரியாதபோது அது புறம் பேசுதல் ஆகாது. காழி இயாழ் (ரஹ்) இந்த ஒரு ஹதீஸின் பயன்களுக்காகவே தனி நூல் எழுதினார்.

கதை எழுதுவோருக்கு இதில் தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. ஆளை அடையாளம் தெரியாமல் ஆக்கு. ஒருவருடைய நடையையும் இன்னொருவருடைய கோபத்தையும் மூன்றாமவருடைய கடனையும் சேர்த்து ஒரு மனிதனை உருவாக்கு. தெருவை மாற்று, தொழிலை மாற்று. நிகழ்ந்ததை அப்படியே எழுதுவதைவிட அவ்வாறு சமைத்த கதை வலுவாகவும் இருக்கும். என் மாணவி செய்த ஒரே பிழை, கனைப்பையும் துண்டையும் என்னிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. ஓர் ஆசிரியராக நான் சொல்லியிருக்க வேண்டியது, 'அம்மா, இவருக்கு வேறு கனைப்புக் கொடு' என்பது. நான் சொன்னதோ, 'இவரை நீக்கு' என்பது. முன்னது இலக்கியப் பயிற்சி. பின்னது தற்காப்பு.

முடிவில் எல்லாரும் திருந்தத்தான் வேண்டுமா?

நம் இதழ்களிலும் விழா மலர்களிலும் வரும் கதைகள் ஏன் உயிரற்றுக் கிடக்கின்றன? முதல் பத்தியிலேயே நல்லவர் யார், தீயவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. கடைசிப் பத்தியில் தீயவர் ஒரு பயான் கேட்டு அழுகிறார். இடையில் நடப்பது எதுவும் நம்மைத் தொடுவதில்லை.

ஒவ்வொரு ரமளானிலும் நாம் மேடையில் சொல்லும் நிகழ்வொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவன் தவ்பாவுக்கு வழி தேடுகிறான். ஒரு வணக்கசாலியிடம் போகிறான். உனக்கு மன்னிப்பில்லை என்கிறார் அவர். அவரையும் கொன்று எண்ணிக்கையை நூறாக்குகிறான். பின்னர் ஓர் அறிஞர், நல்லோர் வாழும் ஊருக்குப் போ என்கிறார். அவன் அந்த ஊரை அடைகிறானா? இல்லை. வழியிலேயே மௌத்தாகிறான். எந்த ஊருக்கு நெருக்கமாகக் கிடக்கிறான் என்று வானவர்கள் தூரத்தை அளக்கிறார்கள்; ஒரு சாண் அளவில் அவன் தப்புகிறான்.

இதை நாம் திருத்தினால் எப்படித் திருத்துவோம்? வணக்கசாலி தவறாகப் பேசுவது மதிப்புக் குறைவு, நீக்கு என்போம். அவன் நல்லூரை அடைந்து பள்ளிவாசல் கட்டியதாக முடி என்போம். அந்த ஒரு சாணை அழித்துவிடுவோம். கேட்பவரின் நெஞ்சை ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அடைக்க வைப்பது அந்த ஒரு சாண்தான்.

மொழியிலும் இதே கொடுமை. கதையில் வரும் நன்னி 'சுபுஹுத் தொழுதுட்டு வந்தேன்' என்கிறாள். நாம் 'ஃபஜ்ர்' என்று திருத்துகிறோம். கல்லூரி ஆசிரியர் 'வைகறைத் தொழுகை' என்று திருத்துகிறார். இதழ் நடத்துபவர் அடைப்புக்குறிக்குள் விளக்கம் கேட்கிறார். 'மவுத்தாயிட்டாங்க' என்று அழும் பெண்ணின் வாயில் 'மரணமடைந்தார்' என்று வைத்தால் அழுகை நின்றுவிடாதா? பஷீரின் 'பாத்தும்மாவின் ஆடு' நூலில், அவர் எழுதியதை வாங்கிப் பார்த்த தம்பி இலக்கணப் பிழை காட்டிக் கண்டிக்கும் காட்சி ஒன்று வரும். பஷீர் திருத்திக்கொள்ளவில்லை, வீட்டில் பேசியபடியே எழுதினார். நல்லவேளை, தம்பி வென்றிருந்தால் மலையாளம் தோற்றிருக்கும். நான் இக்கட்டுரையைச் செந்தமிழில் எழுதுகிறேன். அது என் பழக்கம். நன்னியைச் செந்தமிழ் பேச வைக்க எனக்கு உரிமையில்லை.

அஞ்சுபவர் யார்?

ஆண் எழுதினால் கதை என்கிறோம். பெண் எழுதினால் அவள் வாழ்க்கை என்கிறோம். கணவனின் கொடுமையை ஒரு பெண் எழுதினால், மறுநாள் அவள் கணவனைத் தெருவில் உற்றுப் பார்க்கிறோம். இந்த ஒரு பார்வையே எத்தனையோ பேனாக்களை மூடவைத்திருக்கும்.

நாகூரில் மூன்றாம் வகுப்பு மட்டுமே படித்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். உ.வே.சாமிநாதையர் அதைப் பாராட்டி எழுதினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், நம் பெரம்பலூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள துவரங்குறிச்சியில், பள்ளி நிறுத்தப்பட்ட ஒரு பெண் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதி, சல்மா என்ற புனைபெயருக்குள் ஒளிந்துகொள்ள நேர்ந்தது. 2004இல் அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வெளிவந்தது. அதில் எனக்கு உடன்பாடில்லாத பக்கங்கள் உண்டு. ஹயா என்னும் நாணத்தை நான் அளக்கும் அளவுகோல் வேறு. ஆனால் 1938இல் பெயரோடு நின்ற பெண்மைக்கு அடுத்து வந்த தலைமுறையில் பெயரை மறைக்க வேண்டியிருந்தது என்றால், இடைப்பட்ட காலத்தில் முன்னேறியது யார், பின்வாங்கியது யார்?

இது நம் சமுதாயத்தின் நோய் மட்டுமன்று. 2010இல் வெளிவந்த 'மாதொருபாகன்' நாவலுக்காகத் திருச்செங்கோட்டில் எழுந்த எதிர்ப்பால், பெருமாள் முருகன் 2015 ஜனவரியில் தமக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாகவே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, மீண்டும் எழுதுமாறு கூறியது. அன்று அந்த ஊரைக் கண்டித்து நம்மில் பலரும் பேசினோம். தக்கலையில் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் தம் எழுத்துக்காக ஊர்விலக்கம் செய்யப்பட்டபோது நம்மில் எத்தனை பேர் பேசினோம்? அவர் கருத்தோடு எனக்குக் கடும் முரண்பாடு உண்டு. எழுத்துக்கு மறுமொழி எழுத்துதான். சலாமை நிறுத்துவதும் கல்யாணப் பத்திரிகையை நிறுத்துவதும் மறுமொழி ஆகா.

எல்லையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. நபிமார்களின் கண்ணியத்தைக் கதைப் பொருளாக்கிச் சிதைப்பது கூடாது. அடையாளம் தெரியும் மனிதரின் மானத்தை விற்பது கூடாது. பாவத்தை ருசியாக்கிக் காட்டுவதற்காகவே எழுதுவது கூடாது. இம்மூன்றையும் நான் என் மாணவர்களுக்குச் சொல்வேன். ஆனால் அந்தப் பிள்ளையின் கதை இம்மூன்றில் எதை மீறியது? எதையும் மீறவில்லை. அது என்னையும், தஃப்தரையும், கைக்கூலியையும் சுட்டியது. நான் காத்தது மார்க்கத்தை அன்று.

கவிஞர்களைப் பற்றிய அத்தியாயத்தில், வழிகெட்ட கவிஞர்களைக் கண்டித்த அல்லாஹ், உடனேயே விதிவிலக்கும் தந்தான். ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை அதிகம் நினைத்து, அநீதிக்குள்ளான பின் அதற்கு எதிராக நின்றவர்கள் அந்த விதிவிலக்கில் வருகிறார்கள். அநீதிக்குள்ளானவரின் சொல்லுக்கு வேதமே இடம் வைத்திருக்கிறது. நாற்பது பவுனுக்காகக் காட்டை விற்ற அத்தாவின் மகளுக்கு நம் விழா மேடையில் இடமில்லையா?

நாம் செய்யக் கூடியவை

மதரஸா நூலக அலமாரியில் ஹரீரீக்குப் பக்கத்தில் தோப்பில் மீரானையும் வையுங்கள். பஷீரையும் சித்தி லெவ்வையையும் வையுங்கள். பிள்ளைகள் கதை கொண்டுவந்தால் முதலில் முழுமையாகப் படியுங்கள். பாத்திரம் உண்மையாகப் பேசுகிறதா, சொல்லாமல் விட்டது எது, சொல்லி வீணடித்தது எது என்று கேளுங்கள். ஆண்டு விழாவில், திருந்தாத மாப்பிள்ளை வரும் ஒரு கதையை வாசிக்க விடுங்கள். கூட்டத்தில் யார் முகம் சிவக்கிறது என்று பார்க்காமல், ஏன் சிவக்கிறது என்று சிந்தியுங்கள். கதையில் வரும் தஃப்தர் வரி உறுத்தினால், கதையைத் திருத்துவதற்கு முன் தஃப்தரைத் திருத்துங்கள். வாங்கிய கைக்கூலியையும் எழுதும் ஒரு பத்தி அதில் வரட்டும். அன்று அந்தக் கதைக்கு வேலையே இருக்காது.

சென்ற மாதம் அந்த மாணவியின் வீட்டுக்குச் சென்று, அவருடைய அத்தாவின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். பழைய நோட்டு இருக்கிறதா என்றேன். "இருக்கு ஹஜ்ரத். நீங்க அடிச்ச சிவப்பு மையோட இருக்கு" என்றார். மீண்டும் எழுதுவீர்களா என்றேன். "பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் கொண்டுவர உள்ளே போனார். அந்தச் சொல் சம்மதமா, மரியாதையான மறுப்பா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நம் வீடுகளில் இரண்டுக்கும் அதே சொல்லைத்தானே பயன்படுத்துகிறோம்.

உண்மையைத் தாங்கும் நெஞ்சை வல்ல அல்லாஹ் நமக்கும், அதைச் சொல்லும் துணிவை நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.